உறையட்டும் என்று வைத்த நெய்

எலி செத்து மிதந்தது.

ஷரீப் டின்னின் மூடியைப் பிடித்தபடியே நின்றுவிட்டான். மத்தியானம் உருக்கி ஊற்றிய நெய். சாயங்காலம் கடையடைக்கும் நேரத்திலும் எண்ணெய் மாதிரிதான் இளகிக் கிடந்தது. பாகூர்க் கடைத்தெருவில் நெய் விற்கிற அவனுக்கு மார்க்கச் சட்டம் தெரியாமலில்லை. உறைந்த நெய்யில் எலி விழுந்தால், அதையும் சுற்றியுள்ளதையும் எடுத்தெறிந்துவிட்டு மீதியை உண்ணலாம். இளகிய நெய்யில் விழுந்தால் அத்தனையும் ஆகாது.

தெரிந்துதான் மூடினான். எலியை எடுக்கவில்லை.

மார்கழிக் குளிர் அவன் நினைத்ததைச் செய்து கொடுத்தது. விடிந்து திறந்தபோது நெய் மணல் மணலாக உறைந்து, எலி அதில் பதிந்து கிடந்தது. கரண்டியால் ஆழத் தோண்டி எறிந்தான். கூசாமல் பிஸ்மி வேறு சொன்னான். உறைந்த நெய்தானே? மேரி என்கிற நகராட்சி ஆபீசிலிருந்து சோதனைக்கு வருகிறவர் மோந்து பார்த்தாலும் ஒன்றும் தெரியாது.

முதல் போணி குருவிநத்தம் தையலம்மாள். கையில் பித்தளைத் தூக்கு.

"பொண்ணு பச்ச ஒடம்புக்காரி, பாய். லேகியம் கிண்டணும். நல்ல நெய்யா போடு."

"உங்க ஊர்ல இல்லாத மாடா? இம்மாந்தூரம் வர்றியே."

"அங்க விக்கிறவன் நெய்யில கெழங்க மசிச்சுக் கலக்குறான். அவனக் கேக்கறதுக்கு மாட்டையே கேட்டுக்கலாம். உங்க மார்க்கத்துல கலப்படம் பண்ணா சாமி சும்மா வுடாதாமே?"

ஷரீப் சிரித்து வைத்தான். தூக்கு நிறைந்தது.

அப்போது பின்கட்டிலிருந்து அவன் மனைவி கைருன்னிசா கிண்ணத்தோடு வந்தாள். "நெய்ச்சோறு ஆக்கப் போறேன்" என்று டின்னுக்குள் தானே கரண்டியை விட்டாள்.

அவன் கை பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தது.

"அதுல வேணாம்."

"ஏன், இன்னா ஆச்சு?"

தையலம்மாள் டின்னைப் பார்த்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள்.

"உன் வூட்டுக்கு ஆவாத நெய்யி எம் பொண்ணுக்கு ஆவுமா, பாய்?"

"எலி வுழுந்திச்சு" என்றான் தரையைப் பார்த்து. "நேத்து. நெய்யி எளகி இருக்கசொல்ல."

கைருன்னிசா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

கொல்லையில் குழி வெட்டி டின்னைக் கவிழ்த்தான். தையலம்மாள் தன் தூக்கிலிருந்ததையும் அதில் வழித்துப் போட்டாள். கடைசிக் கட்டிமேல் மண் விழும்வரை நகரவில்லை.

"இத்தினி வருசத்துல உன் தராச்சக்கூட நான் நிமிந்து பாத்ததில்ல, பாய்."

வெறும் தூக்கை நீட்டினாள். சாம்பல் போட்டுத் தேய்த்து, வெந்நீர் விட்டுக் கழுவிக் கொடுத்தான். அவள் மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தாள். திரும்ப நீட்டினாள்.

"இன்னொரு தபா."

ஷரீப் மறுபடியும் குந்தி உட்கார்ந்து சாம்பலை அள்ளினான்.