தம்பி பக்கத்து மூலை

சன்னாசிக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும். டிஷ் மாட்ட வந்த தர்மா பக்கத்துத் தாப்பா டவுன்காரன், அந்தக் காதைப் பற்றி அவனுக்கு எதுவும் தெரியாது. வேனிலிருந்து ஏணியை இறக்கி வைத்துவிட்டு தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தை ஒரு சுற்று சுற்றி வந்தான். அண்ணாந்து பார்த்தான். பிறகு கடைசி வீட்டுக் கூரை மூலையைக் கைகாட்டினான்.

"அங்கிள், அங்கதான் மாட்டணும். திடல் பக்கம் வானம் நல்லா தொறந்து கெடக்கு. ஏற்கெனவே ஒரு டிஷ் இருக்கு, பக்கத்துலயே உங்களுதும் போட்டு ஒயர இழுத்து உட்டுர்றேன்."

"அது என் வீடு இல்ல."

"ஒரு வார்த்த கேட்டா உட மாட்டாங்களா?"

இங்கேதான் காது சிவந்தது. கடைசி வீடு பத்துமலையுடையது. பத்துமலை சன்னாசியின் கூடப் பிறந்த தம்பி. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர், அதுவும் கூரையைத் தொடாமல் இரண்டடி கீழேயே நின்றுவிடுகிற லயத்துச் சுவர். இங்கே மிளகாய் தாளித்தால் அங்கே தும்முவார்கள். ஆனாலும் அண்ணனும் தம்பியும் பேசி எட்டு வருஷமாகிவிட்டது.

காரணம் ஒரு கையெழுத்து. தோட்டத்தை வாங்கிய கம்பெனி, லயத்தைக் காலி செய்து கொடுத்தால் ரோட்டோரம் புது வீடு கட்டித் தருவதாக ஒரு காகிதத்தை நீட்டியது. கோயில் கமிட்டிச் செயலாளராக இருந்த பத்துமலை அதை நம்பி முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டான். போட்டதோடு நிற்காமல் வீடு வீடாகக் கொண்டுபோய் மற்றவர்களையும் போட வைத்தான். "என்னைய ஒரு வார்த்த கேட்டியாடா?" என்று சன்னாசி கோயில் வாசலில் எல்லோர் முன்னாலும் கேட்டதுதான் கடைசிப் பேச்சு. புது வீட்டுக்கு இன்றுவரை ஒரு செங்கல் இறங்கவில்லை. கையெழுத்துப் போட்டவனும் போடாதவனும் அதே ஒழுகுகிற கூரையின் கீழேதான் கிடக்கிறார்கள். அதை நினைத்தால் சன்னாசிக்குச் சில நாள் திருப்தியாக இருக்கும், பல நாள் வயிறு எரியும்.

"அவன்கிட்ட நான் போயி நிக்கணுமா? எட்டு வருஷம் கழிச்சி, இந்தச் சட்டிக்காவ?" என்றார். "என் கூரையில போடு."

"முன்னால பலா மரம் மறைக்குது அங்கிள். பின்னால..." தர்மா வீட்டின் பின்பக்கம் போய் அண்ணாந்தான். இரண்டு ரப்பர் மரங்கள் கூரைக்கு மேலேயே சாய்ந்து நின்றன. பிப்ரவரி மாதம். ஓர் இலை கிடையாது, குச்சி குச்சியாகக் கிளைகள், அவற்றுக்கு நடுவே வெள்ளை வானம். "இது பட்டுப்போன மரமா அங்கிள்?"

நாற்பது வருஷம் பால் மரம் சீவியவர் சன்னாசி. ரப்பர் மரம் எப்போது இலை கொட்டும், எப்போது துளிர்க்கும், துளிர்த்தால் பால் எப்படி இறங்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். ஆனால் அந்த நேரத்தில் அவர் கண்ணில் மரம் படவேயில்லை. தம்பியின் கூரைதான் நின்றது.

"வானம் தெரியுதுல்ல? பேசாம போடு லா," என்றார்.

தர்மா போட்டான். படமும் பளிச்சென்று வந்தது.

டிவி சன்னாசிக்காக இல்லை. அவருக்கு அதில் ஒரு அக்கறையும் கிடையாது. போன தீபாவளிக்கு முந்தின வாரம் குளியலறையில் விழுந்த அவர் மனைவி மாரியம்மாவுக்கு வலது பக்கம் இழுத்துக்கொண்டது. வாயும் பாதி போய்விட்டது. ஒரு நாளைக்கு நாலு வார்த்தை வந்தால் அதிசயம். சுவரைப் பார்த்துக்கொண்டே படுத்துக் கிடந்தவளைப் பார்க்கப் பொறுக்காமல், குனோங் ராபாட்டில் இருக்கும் மகள் துளசிதான் டிவியை வாங்கிக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். முதல் நாள் இரண்டு மணி நாடகத்தில் ஒரு மாமியார் படியில் வழுக்கி விழுந்தாள். மாரியம்மா சிரித்தாள். சொன்ன பேச்சைக் கேட்கிற பாதி வாயால் சத்தம் போட்டுச் சிரித்தாள். சன்னாசி அடுப்படிக்குப் போய் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு நாலு மாசம் ஆகியிருந்தது.

பிறகு ஒன்றரை மாசம் இரண்டு மணி என்றால் அந்த வீட்டில் யாரும் வரக் கூடாது, போகக் கூடாது.

ஏப்ரலில் ஒரு நாள் படம் கட்டம் கட்டமாக உடைந்தது. மறுநாள் பாதி நேரம் வந்தது. மூன்றாம் நாள் ஒரே கறுப்பு. மாரியம்மா கறுப்புத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சன்னாசி தர்மாவுக்குப் போன் போட்டு, அவன் பரம்பரையையே ஒரு பிடி பிடித்தார். அவன் வந்தான். டிஷ்ஷைத் தொடக்கூட இல்லை, பின்பக்கம் போய் விரலை மேலே நீட்டினான்.

இரண்டு மரமும் பச்சைப் பசேலென்று நின்றன. துளிர் முற்றி, கூரையையே மூடியிருந்தது. ஊசி அளவுகூட வானம் இல்லை.

"நான் டவுன்காரன் அங்கிள், எனக்குத் தெரியல. ஆனா நீங்க மரம் சீவுனவருதான?"

லயத்துச் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த விஷயம். வெட்கம் வரவேண்டிய இடத்தில் சன்னாசிக்குக் கோபம்தான் வந்தது. மரத்தை வெட்டலாமென்றால், கம்பெனி மேல் லயத்துக்காரர்கள் வீட்டுக்காகப் போட்ட கேஸை நடத்தும் வக்கீல் விடமாட்டார். கேஸ் கோர்ட்டில் இருக்கும்போது கம்பெனி மரத்தில் ஒரு கிளையைத் தொட்டாலும் மறுநாளே வெளியேற்றிவிடுவார்கள் என்று ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தார்.

"அந்த மூலைதான் அங்கிள் வழி," என்றான் தர்மா. "கேட்டுட்டு போன் பண்ணுங்க, வாரேன்."

"கேக்க மாட்டேன். நீ போ."

மறுநாள் இரண்டு மணிக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் டிவி அலறியது. அதே நாடகம். மாமியார் குரல் கூரை இடைவெளி வழியாக வந்து வீடு முழுக்க நிறைந்தது. என் வீட்டில் படம் போனது தெரிந்து வைக்கிறான், வேண்டுமென்றே வைக்கிறான் என்று சன்னாசி நினைத்தார். பத்துமலை தாப்பாவில் ஒரு கிடங்கில் ராத்திரிக் காவலுக்கு ஜாகா வேலை பார்ப்பவன், பகலில் தூங்க வேண்டியவன். தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு வெறுப்பேற்றுகிறான் என்றால் எவ்வளவு திமிர் இருக்கும். சுவரை ஓங்கி ஓங்கிக் குத்தினார். "சத்தத்தக் கொறடா," என்று கத்தினார். குறையவில்லை. அடுத்த நாளும் அலறியது, அவரும் குத்தினார், குறையவில்லை. மாரியம்மா கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தாள். பாவம், இந்த இரைச்சலில் அவளுக்குத் தலை வலிக்குமே என்று அவருக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

மூன்றாம் நாள் பொறுக்கவில்லை. எட்டு வருஷமாக மிதிக்காத வாசலுக்கு இரண்டே எட்டில் போய்க் கதவில் அறைந்தார்.

"வெளிய வாடா."

உள்ளே நாடகத்தில் யாரோ அழுதுகொண்டிருந்தார்கள். கதவு திறக்கவில்லை. மறுபடி அறையக் கையை ஓங்கியபோதுதான் கண்ணில் பட்டது. வெளியே பூட்டுத் தொங்கியது. மோட்டார் சைக்கிள் நிற்கிற இடம் காலியாக இருந்தது.

எதிர் லயத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த தினேஸ்வரி திரும்பிப் பார்த்தாள்.

"பத்துமல மாமா இல்ல மாமா. இந்த மாசம் அவருக்குப் பகல் வேல. காலையில ஆறு மணிக்கே போயிட்டாரு. ஏழரைக்குத்தான் வருவாரு."

"வீட்ட பூட்டிட்டுப் போனவன் டிவிய யாருக்குப் போட்டுட்டுப் போறான்? யாரு பாக்கறது?"

தினேஸ்வரி கையில் துணியோடு அவரை ஒரு மாதிரி பார்த்தாள். உண்மையாகவே தெரியாமல்தான் கேட்கிறார் என்று புரிந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"மாரியம்மா அத்த கேப்பாங்கன்னுதான் மாமா. ரெண்டு மணிக்குத் தானா வர்ற மாதிரி டைமர் வச்சிட்டுப் போறாரு."

சன்னாசி ஓங்கிய கையை இறக்கினார். இரண்டு நாளாக ஆளில்லாத வீட்டுச் சுவரைத்தான் குத்தியிருக்கிறார். அதில் முட்டி வேறு வீங்கியிருந்தது.

வீட்டுக்குள் வந்தார். மாரியம்மா கண்ணை மூடித்தான் படுத்திருந்தாள். அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் மாமியார் ஏதோ சொன்னாள். மாரியம்மாவின் இடது பக்க வாய் மெல்ல மேலே போனது. மூன்று நாளும் இவள் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

"ஒனக்குத் தெரியுமா?"

தலையை ஆட்டினாள்.

"ஏன் சொல்லல?"

வார்த்தை வருவதற்கு நேரமாயிற்று. வாயை இரண்டு தடவை திறந்து மூடினாள். கண் முழுவதும் கோபம். படுத்த நாளிலிருந்து அவள் அவரை அப்படிப் பார்த்ததில்லை.

"நீ... நிப்பாட்டிடுவ."

சன்னாசி கட்டிலை இழுத்து அந்தச் சுவரோரமாகப் போட்டார். தலையணையைச் சரி செய்தார். பிறகு தர்மாவுக்குப் போன் போட்டார். "நாளைக்கி வா. திடல் பக்கத்து மூலையில போடலாம்." "கேட்டுட்டீங்களா அங்கிள்?" என்றான் அவன். "கேக்கறேன்டா, ஏன் உயிர வாங்குற," என்று அதற்கும் ஒரு அதட்டல் போட்டு வைத்தார். கோபம் போகவில்லை. அதை இனி யார் மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை.

பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை எடுத்துக்கொண்டு போய்த் தம்பி வாசலில், பூட்டுக்கு நேரே போட்டு உட்கார்ந்தார். தினேஸ்வரி பார்த்துவிட்டு உள்ளே போனாள். மணி இரண்டரைதான் ஆகியிருந்தது. பத்துமலை வர இன்னும் ஐந்து மணி நேரம் இருந்தது.