கழுதையைக் குதிரை என்ற அக்கா

1

இந்தக் கதை என்னுடையது இல்லை, அக்காவுடையது. அவள் ஓர் ஆரம்பப் பள்ளியில் தற்காலிக ஆசிரியை. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் பேசச் சொல்லித்தருகிறாள். ஞாயிற்றுக்கிழமை துணி மடித்துக்கொண்டே இதைச் சொன்னாள். பாதிதான் சொன்னாள். முழுசாகச் சொல்லிவிட்டால் அவள் என் அக்காவே இல்லை.

2

‘அந்த வகுப்பறையில் மௌனம் ஒரு…’

(சீ, வேண்டாம். மூன்றாம் வகுப்பில் ஏதய்யா மௌனம்?)

நேராகவே சொல்கிறேன். வீட்டில் காது கிழியக் கத்தும் பிள்ளைகள், ஆங்கிலம் என்றால் வாயைப் பூட்டிக்கொள்கிறார்கள். அக்கா ஒருநாள் கழுதைப் படத்தைத் தூக்கிக் காட்டி, சிரிக்காமல், “திஸ் இஸ் எ ஹார்ஸ்” என்றாள். ஊமைக்கோட்டான் என்று பட்டம் வாங்கியிருந்த சிறுமி ஒருத்தி துள்ளி எழுந்தாள். “நோ மிஸ்! டாங்கி! திஸ் இஸ் எ டாங்கி!”

அவள் அந்த வகுப்பில் வாய் திறந்தது அதுதான் முதல்முறை. அப்புறம் அக்கா தினமும் ஏதாவது தப்பாகச் சொல்வாள், அவள் திருத்துவாள். மிஸ்ஸுக்கே தெரியாதது தனக்குத் தெரிகிறது என்கிற தெம்பில் பிள்ளை பொரிந்து தள்ளினாள்.

3

இங்கே எனக்கு ஒரு சந்தேகம். (தம்பிகளுக்கு வரும் சந்தேகம்தான்.)

“மொத நாள் நிஜமாவே உளறிட்டே. அந்தப் பொண்ணு திருத்தினதும் அதையே உத்தின்னு சொல்லிக்கிறே. அப்படித்தானே?”

“போடா, வேணும்னுதான் சொன்னேன்.”

“அப்போ ஏன் என் முகத்தைப் பாக்க மாட்டேங்கிறே?”

“துணி மடிக்கிறேன், தெரியலையா?”

கையில் இருந்தது ஏற்கெனவே மடித்த துணி.

4

கழுதைக்கும் குதிரைக்கும் வித்தியாசம் தெரியாத டீச்சர் என்று ஓர் அப்பா புகார் சொல்லிவிட்டார். தலைமை ஆசிரியை வகுப்புக்கே வந்து, எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் அதே படத்தை நீட்டினார்.

“இது என்னன்னு சொல்லுங்க டீச்சர். நீங்க இங்க இருக்கிறதா வேண்டாமான்னு நான் இன்னைக்கே முடிவு பண்ணணும்.”

ஊமைக்கோட்டான் பெஞ்சின் நுனிக்கே வந்துவிட்டாள்.

“வெளியே கூட்டிட்டுப் போய் விஷயத்தைச் சொல்லியிருக்கலாமே அக்கா?”

“அவங்க நம்பணுமேடா. கூடப் பொறந்த நீயே நம்பல.”

எனக்குச் சுருக்கென்றது.

5

முடிவு அ: அக்கா “டாங்கி” என்கிறாள். வேலை தப்பிக்கிறது. இத்தனை நாளும் மிஸ் தன்னிடம் நடித்திருக்கிறாள் என்று அந்தப் பிள்ளைக்குப் புரிகிறது.

முடிவு ஆ: “ஹார்ஸ்” என்கிறாள். பிள்ளை “நோ மிஸ்!” என்று பாய்கிறாள். நாளையிலிருந்து அக்கா வீட்டில் இருக்கிறாள்.

முடிவு இ: தலைமை ஆசிரியைக்குத் திடீரென்று எல்லாம் விளங்கி, கண் கலங்கி… (தூ. இதை எழுதிய கையை உடைக்க வேண்டும்.)

“கடைசியில என்னதான் சொன்னே?”

“கதை எழுதறவன் நீதானே? எழுதிக்கோ.”

திங்கட்கிழமை காலை பையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். பள்ளிக்கூடத்துக்கா என்று கேட்டேன். “வேற எங்கே?” என்றாள். அதையும் நான் நம்பவில்லை.

என்னால் ஆகாது. அக்கா வாயில் ஒரு வார்த்தையை நீங்களே வையுங்கள். வைக்கும்போது அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே வையுங்கள்.