என் பெயரில் மூன்றாவது கடன்

…அந்த லிங்கைத் தொடவே மாட்டேன், ‘உங்கள் கடன் ஸ்கோர் இலவசம், இங்கே அழுத்தவும்’ என்று காலையிலிருந்து மூன்று முறை வந்துவிட்டது, நான் வங்கியில் கடன் கேட்டது இவனுக்கு எப்படித் தெரியும், போகட்டும், ஸ்கோர் போடும் நிறுவனத்தின் இணைய முகவரியை நானே ஒவ்வொரு எழுத்தாகத் தட்டுகிறேன், லேபின் பொது வைஃபை வேண்டாம், என் டேட்டாவே போதும், சாப்பாட்டு இடைவேளை முடிய இன்னும் இருபது நிமிடம், டிபன் பாக்ஸ் திறக்காமலே கிடக்கட்டும். “ஸ்கோர் ரொம்பக் கம்மி மேடம், ஏதோ பாக்கி நிக்குது” என்றார் வங்கிக்காரர். பாக்கியா, எனக்கா? ஸ்கூட்டர் கடனை ஒரு தவணைகூடத் தவறாமல் கட்டியவள் நான், ஃப்ரிட்ஜ் கடனைக் கெடுவுக்கு முன்பே முடித்தவள். வெள்ளிக்கிழமைக்குள் கடன் கிடைக்காவிட்டால் அந்த இரண்டு அறை வீடு கைநழுவிப் போகும், மகளுக்கு ஜன்னல் வைத்த அறை என்று வாக்குக் கொடுத்துத் தொலைத்திருக்கிறேன்… ரிசப்ஷன் பெண் வேறு, “ரெண்டாயிரம் குடுத்தா ஸ்கோர ஏத்தித் தர்ற ஆளு இருக்காரு, ஓடிபி மட்டும் சொன்னாப் போதும்” என்கிறாள், ஓடிபியைச் சொல்வதும் வீட்டுச் சாவியை வழிப்போக்கனிடம் நீட்டுவதும் ஒன்றுதான் என்றால், “உங்களுக்கு எதுக்கெடுத்தாலும் சந்தேகம்” என்று சிரிக்கிறாள். ஆமாம், சந்தேகம்தான் என் தொழில், ரத்த மாதிரிக் குழாயில் பெயரையும் பிறந்த தேதியையும் இரண்டு முறை பார்க்காமல் மெஷினில் வைத்ததில்லை, இதையும் அப்படித்தான் பார்ப்பேன்.

ஓடிபி வந்தது, போட்டாயிற்று, திறந்தது. எட்டுப் பக்க அறிக்கை. பெயர், சரி. பிறந்த தேதி, சரி. முகவரி இரண்டு, ஒன்று இப்போதைய வீடு, மற்றது அக்கா வீடு, முன்பு அங்கே மாடியில் இருந்தேனே, அதுவும் சரிதான். ஸ்கூட்டர், முடிந்தது. ஃப்ரிட்ஜ், முடிந்தது. மூன்றாவது… மூன்றாவது ஏது? அறுபதாயிரம், பதினெட்டு மாதம் முன்னால் வாங்கியது, கொடுத்த நிறுவனத்தின் பெயரைக்கூட நான் கேள்விப்பட்டதில்லை. எவனோ திருடன் என்று நினைக்கும்போதே பக்கத்தில் இருக்கும் கைபேசி எண் கண்ணில் படுகிறது, கடைசி நாலு இலக்கம் ஏழு ஏழு நாலு ஒன்று, அக்காவின் எண். எப்படி? எப்படி என்ன எப்படி, இரவு ஷிஃப்ட் பார்த்த நாட்களில், மகளின் பள்ளிக்கும் வாடகைப் பத்திரத்துக்கும் அலைய எனக்கு நேரமில்லை என்று, அடையாள அட்டையைப் பத்து ஜெராக்ஸ் எடுத்து, பத்திலும் கையெழுத்துப் போட்டு அவள் கையில் கொடுத்தது நான்தானே, எதற்கு என்றோ, என்ன தேதி என்றோ குறுக்கே ஒரு வரி எழுதாமல். பெயர் ஒட்டாத குழாயைக் கொண்டுவந்தால் நர்ஸ்களைப் பிடித்துக் காய்ச்சுகிறவள், என் பெயரைப் பத்துத் தாளில் தூக்கிக் கொடுத்திருக்கிறேன், பெரிய கெட்டிக்காரி.

கோபம் வருகிறது, வரட்டும், அக்கா ஆனாலும் இதை விடப்போவதில்லை. ‘தவறான பதிவைத் தெரிவிக்க’, அழுத்துகிறேன். இந்தக் கடன் உங்களுடையதா? இல்லை. எடுத்தவர் யாரென்று தெரியுமா? தெரியும் என்று போட்டால் விசாரிக்க அவள் வீட்டுக்குப் போவார்கள், அத்தான் முன்னால் நிற்பாள், நிற்கட்டும், என் மகளின் அறையை விட்டுத்தர முடியாது… பொறு, அனுப்புவதற்கு முன் எல்லா வரியையும் இன்னொரு முறை. முதல் பதினாலு மாதம் ஒரு நாள்கூடப் பிந்தாமல் கட்டியிருக்கிறாள். அப்புறம் நாலு மாதம் ஒன்றுமில்லை. நாலு மாதம் முன்னால் என்ன… இங்கேதான் வந்தாள், மத்தியானம், பையை மடியில் வைத்துக்கொண்டு, “அஞ்சாயிரம் இருக்குமாடி, அடுத்த மாசம் தந்துடுறேன்” என்றாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. “எங்கிட்ட ஏதுக்கா” என்றேன். “சரி, நீ சாப்பிடு” என்று எழுந்து போனாள். தெரியும், தெரியாது, இரண்டு கட்டமும் காலியாகத்தான் இருக்கின்றன, எனக்கு வெட்கமாக இருக்கிறது, அன்றைக்குச் சம்பள நாள், பணம் என் பையில்தான் இருந்தது.