பூட்டாத திரை

முன்னறையில் எதிரெதிராக இரண்டு மேசைகள். ஒன்று அவளுடையது. மற்றதில் போன வருடம் வரை அவளுடைய கணவர் உட்கார்ந்திருந்தார். இருவருக்கும் இணையப் பாதுகாப்பு ஆலோசனைதான் தொழில். ஒரு நிறுவனத்தின் கணினிகளுக்குள் திருடன் எந்த வழியாக வருவான் என்று அவனுக்கு முன்னால் போய்ப் பார்த்துச் சொல்கிற வேலை.

அந்தத் தொழில்காரர்களிடம் ஒரு குறும்பு உண்டு. யாராவது திரையைப் பூட்டாமல் எழுந்து போனால், பக்கத்தில் இருப்பவர் அதில் எதையாவது செய்துவைத்துவிடுவார். அவளுடைய கணவர் வைப்பது கழுதைப் படம். அடுப்பில் பால் பொங்குகிறதே என்று ஓடிவிட்டுத் திரும்பினால், அறிக்கை இருந்த இடத்தில் கழுதை பல்லைக் காட்டிக்கொண்டிருக்கும்.

"உன் சொந்தக்காரங்க வந்து தேடிட்டுப் போனாங்க" என்பார், தலையை நிமிர்த்தாமலே.

"எங்க பக்கத்துல இந்த ஜாடை கிடையாது. உங்க அத்தை வழியா இருக்கும்."

நிறுவனங்களோடு பேசுவது அவர். சோதனை செய்வதும் அறிக்கை எழுதுவதும் அவள். ஒவ்வோர் அறிக்கையின் அடியிலும் அவருடைய பெயர், சான்றிதழ், உறுப்பினர் எண். அதைத் தட்டச்சு செய்வதும் அவள்தான். நானும் அந்தச் சான்றிதழ்ப் பரீட்சையை எழுதட்டுமா என்று கேட்கும்போதெல்லாம், வீட்டுக்கு ஒன்று போதாதா என்று சிரிப்பார். அவளுக்கும் அது வசதியாகத்தான் இருந்தது.

ஒரு காலை வேளையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

துக்கம் விசாரித்த நிறுவனங்கள் சில வாரங்கள் கழித்துத் தயங்கித் தயங்கி வேறொன்றை விசாரித்தன. இனி அறிக்கையில் கையெழுத்துப் போடச் சான்றிதழ் பெற்றவர் யார்? ஒவ்வொன்றாக விலகின. ஒரு மருந்துக் கம்பெனி மட்டும், நீங்களே சான்றிதழ் வாங்கிவிடுங்கள், இந்த ஆண்டுச் சோதனை வரை காத்திருக்கிறோம் என்றது. அதுவும் போய்விட்டால் அந்த இரண்டு மேசைகளுக்கும் வீட்டில் வேலை இல்லை.

படித்தாள். பரீட்சை நடக்கும் இடத்தில் உடுப்பின் பைகளை வெளியே இழுத்துக் காட்டச் சொன்னார்கள். மூக்குக் கண்ணாடியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். கைக்கடிகாரத்தைக் கழற்றச் சொன்னபோது கழற்றவே வேண்டியிருக்கவில்லை. அவருடைய கடிகாரம், அவள் கையிலிருந்து தானாக நழுவி வந்தது. தேறிவிட்டாள். வெளியே வந்து போனை எடுத்தவள், யாரைக் கூப்பிடுவது என்று புரியாமல் மறுபடி பைக்குள் போட்டுக்கொண்டாள்.

தேறினால் மட்டும் போதாது. இத்தனை வருடம் இந்த வேலையை இவர் செய்தது உண்மை என்று, ஏற்கெனவே சான்றிதழ் பெற்ற ஒருவர் உறுதி சொல்ல வேண்டும். இணையப் பக்கம் அப்படி உறுதி சொல்பவருடைய உறுப்பினர் எண்ணைக் கேட்டது. அவள் யோசிக்கக்கூட இல்லை. எத்தனையோ அறிக்கைகளின் அடியில் அடித்துப் பழகிய கை, கணவருடைய எண்ணை அடித்து அனுப்பிவிட்டது.

எதிர் மேசையில் 'டிங்' என்று ஒரு சத்தம்.

அவருடைய லேப்டாப்பை அவள் அணைக்கவில்லை. வாடிக்கையாளர் யாராவது மடல் போடுவார்கள் என்று தனக்குத்தானே ஒரு காரணம் சொல்லி வைத்திருந்தாள். எழுந்து போய்ப் பார்த்தாள். இவரை உங்களுக்கு நேரில் தெரியுமா, இவருடைய வேலைக்கு நீங்கள் சாட்சியா என்று சான்றிதழ் அமைப்பின் மடல் கேட்டிருந்தது. பாஸ்வேர்டு அவளுக்குத் தெரியும். உள்ளே நுழையும் எண் வருகிற அவருடைய போன் மேசை இழுப்பறையில், சார்ஜ் குறையாமல் இருந்தது. அவர் இருந்தால் எதைச் சொல்லியிருப்பாரோ அதைத்தான் அவள் அழுத்தப்போகிறாள். அதில் பொய் என்ன இருக்கிறது?

முன்பு ஓர் அலுவலகத்தில், இறந்துபோன மேலாளரின் கணக்கில் நுழைந்து ஒப்புதல் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணை அவள்தான் கண்டுபிடித்தாள். அந்தப் பெண்ணும் இதையேதான் சொன்னாள்: அவர் இருந்தா சரின்னுதாங்க சொல்லியிருப்பார். அவள் அதைக் கடுமையான குறை என்று எழுதினாள். அந்தப் பெண்ணைப் பற்றி எழுதாதே, கணக்கை மூடாமல் விட்டவர்களைப் பற்றி எழுது என்றார் கணவர்.

கணக்கை மூடாமல் விட்டது இப்போது யார்?

மதியம் முழுவதும் அவருடைய நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு சான்றிதழ் அமைப்பின் உதவி எண்ணை அழைத்து, தான் அனுப்பிய கணவருடைய எண்ணை நீக்கச் சொன்னாள். பேசிய பெண், ஏன் அந்த எண்ணை நீக்க வேண்டும் என்று கேட்டாள்.

"அவர் இல்லம்மா. இறந்துட்டார்."

"ஐயோ, சாரி மேடம்." விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. "அப்படின்னா அவங்க உறுப்பினர் கணக்கை மூடிடுவோம். மூடிடலாமா?"

இந்த ஒரு கேள்வியிலிருந்துதான் ஒரு வருடமாக ஒளிந்துகொண்டிருந்தோம் என்று அவளுக்குப் புரிந்தது.

"மூடிடுங்க" என்றாள்.

உறுதி சொல்ல, அவளுக்குத் தெரிந்தவர்களில் இனி ஒருவர்தான் பாக்கி. கணவருக்குத் தொழிலில் போட்டியாக இருந்தவர். இருவரும் எலியும் பூனையும். வீட்டில் அவருக்குப் பெயரே 'மீசை'. துக்கத்துக்கு வந்தவர் உள்ளே வராமல் வாசலிலேயே நின்றுவிட்டுப் போயிருந்தார். அவரை அழைத்து விஷயத்தைச் சொல்லி, என் வேலை உங்களுக்கு எங்கே தெரிந்திருக்கப்போகிறது அண்ணா என்று இழுத்தாள்.

"ஏன் தெரியாது? நீங்க விட்ட எடத்துல போய் நாலு கம்பெனில வேலை பாத்திருக்கேன். உங்க பழைய அறிக்கையைத்தான் முதல்ல குடுப்பாங்க. அது அவன் எழுதினது இல்லைன்னு ரெண்டாவது பக்கத்துலயே தெரிஞ்சிடும். அவனுக்கு ஏதும்மா அவ்வளவு பொறுமை?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்தபோது கன்னம் நனைந்திருந்தது.

"என் உறுப்பினர் எண்ணை எழுதிக்கோம்மா" என்றார் மீசை.

சான்றிதழ் வந்தது. மருந்துக் கம்பெனியின் சோதனையை முடித்து, அறிக்கையின் கடைசிப் பக்கத்துக்கு வந்தாள். கை பழைய எண்ணையே அடித்தது. அழித்தாள். தன்னுடைய எண் மனப்பாடம் ஆகவில்லை. தேடிப் பார்த்து, ஒவ்வோர் இலக்கமாக அடித்தாள்.

தேநீர் போட எழுந்தாள். பூட்டும் விசைமேல் விரல் போய்விட்டுத் திரும்பியது. திரையை அப்படியே விட்டுவிட்டுப் போனாள். அடுப்படியில் வேண்டுமென்றே மெதுவாக டம்ளரைக் கழுவினாள்.

திரும்பி வந்தபோது கழுதை இல்லை, அறிக்கை அப்படியே இருந்தது. அவளுடைய பெயரும் எண்ணும் இருந்தன. எதிர் மேசை லேப்டாப் அவள் மூடிவைத்தபடியே இருந்தது. அவள் தேநீரை ஆற்றிக் குடித்துக்கொண்டு பார்த்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் திரை மங்கி, தானாகவே பூட்டிக்கொண்டது.