தள்ளி நில்லுங்க

தொண்ணூற்றெட்டாம் வருடம் லிடியா திண்டுக்கல்லிலிருந்து சின்னாளப்பட்டிக்கு தினமும் காலை எட்டு பத்து டவுன் பஸ்ஸில் போய்வந்தாள். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். வேலை பிடித்திருந்தது, பஸ்தான் கசந்தது. கூட்டம் அவளுக்குப் பழக்கம். பிரேக் போட்டால் சாய்கிற தோள் வேறு, பிரேக் இல்லாமலே சாய்கிற தோள் வேறு. வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர், ஐம்பது வயதிருக்கும், ஒரு வாரமாக அவள் எங்கே நின்றாலும் பின்னால் வந்து நின்றார். அவள் நகர்ந்தால் அவரும் நகர்ந்தார்.

ஒரு சாயங்காலம் அரிசி களைந்துகொண்டே, "கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்று தனக்குள் சொல்லிப் பார்த்தாள். கணவன் பெலிக்ஸ் எட்டிப் பார்த்தான்.

"யாரைச் சொல்ற?"

சொன்னாள். அவன் முகம் மாறிவிட்டது. "நாளைக்கு நானும் வாரேன்."

"நாளைக்கு வருவீங்க. மறுநாளு?"

"இம்புட்டு மெதுவாச் சொன்னா இன்ஜின் சத்தத்துல யாருக்குக் கேக்கும்? இன்னொருக்கா சொல்லு" என்றான். குழம்பை இறக்குவதற்குள் பத்துத் தடவை சொல்லிவிட்டாள். பத்தாவது தடவை பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள்.

மறுநாள் பஸ் ஊர் எல்லையைத் தாண்டுமுன்பே முதுகில் அந்த உரசல். அப்புறம் இடுப்பில் கை. லிடியா திரும்பினாள். பழகிவைத்தது வரவில்லை. வேறு வந்தது.

"கைய எடுங்க."

கடைசி பெஞ்சுக்கும் கேட்கிற வகுப்பறைக் குரல். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

"கூட்டம்னா படத்தான் செய்யும். ஆகாதவங்க கார்ல போகணும்" என்றார் அவர்.

"கூட்டத்துல படுறது எனக்குத் தெரியும். ஒரு வாரமா பாக்குறேன். இது கூட்டம் இல்ல, உங்க கை."

கீரைக் கூடையோடு உட்கார்ந்திருந்த பழனியம்மாள் நிமிர்ந்தாள். "எம் மக வேற பஸ்ஸுக்கு மாறுனதே இந்தாளாலதான்."

கண்டக்டர் மூக்கையா விசில் ஊதி பஸ்ஸை நிறுத்தினார். "எறங்குங்க."

"டிக்கெட் எடுத்திருக்கேன்யா."

"டிக்கெட் நீங்க நிக்கிற எடத்துக்குத்தான். அவங்க நிக்கிற எடத்துக்கும் சேத்து இல்ல."

எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க அவர் இறங்கிப்போனார். பழனியம்மாள் கூடையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு நகர்ந்து இடம் விட்டாள். "ஒக்காருங்க டீச்சர்."

திங்கட்கிழமை பழனியம்மாளின் மகள் அம்பிகா மறுபடி எட்டு பத்து பஸ்ஸுக்கே வந்தாள். கூட்டம் குறைந்தபாடில்லை. மூக்கையா ஆண்களைப் பின்பக்கம் போகச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார். லிடியாவும் அம்பிகாவும் ஒரே கம்பியைப் பிடித்துக்கொண்டு, அம்பிகா தறியில் நெய்துகொண்டிருந்த மாம்பழ நிறச் சேலையைப் பற்றி சின்னாளப்பட்டி வரும்வரை பேசிக்கொண்டே போனார்கள்.