மரியாதைப் பன்மை

அப்பாவின் தாடையைத் துணியால் கட்டிக்கொண்டிருந்தபோதுதான் ஆய்வாளர் அம்மாள் வார்டுக்குள் வந்தார். கையில், மூன்று மாதத்துக்கு முன் அவர்கள் குடியிருப்புக்குக் கொண்டுவந்த அதே கேள்வித்தாள் கட்டு. மூத்த மகள் நிமிரவில்லை. இதே ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் பத்து வருஷமாகப் போர்வை துவைக்கிறவள் அவள். எத்தனையோ பேருடைய கடைசிப் போர்வையை அலசியவளுக்கு இன்று முடிச்சுப் போடக் கை வரவில்லை.

ஆதிகுடிகளின் பண்பாடு அவர்களுடைய உடம்பையும் மனசையும் எவ்வளவு காக்கிறது என்று அளப்பதுதான் அந்த ஆய்வு. சொந்தப் பேச்சு பேசுகிறீர்களா, உறவு விட்டுப்போகாமல் இருக்கிறதா, பழைய மண்ணுக்குப் போய்வருகிறீர்களா என்று வரிசையாகக் கேட்டு, எல்லாவற்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண். கடைசிக் கேள்வி உடம்பைப் பற்றி. ஐந்துக்குக் கீழே சொன்னவர்களை டாக்டர் வந்து பார்ப்பார். அப்பா ஒன்பது சொல்லியிருந்தார். ஆறு மாதமாக ரத்தமாய்த் துப்பிக்கொண்டிருந்த மனிதர் ஒன்பது சொல்லியிருந்தார். வேலை பார்க்கும் இடத்திலேயே தங்கியிருந்த மகளின் காதுக்கு விஷயம் வந்ததே போன வாரம்தான்.

ஆய்வாளர் நல்லவர்தான். கண் கலங்கித்தான் இருந்தது. ஆறுதல் என்று நினைத்து, அப்பாவின் பண்பாட்டு மதிப்பெண்தான் குடியிருப்பிலேயே அதிகம் என்றார். மகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அவர்கிட்ட எப்படிக் கேட்டீங்க? கேட்ட மாதிரியே சொல்லுங்க."

"'நீங்க எப்படி இருக்கீங்க?'ன்னு மரியாதையாத்தான்மா கேட்டேன்."

"எங்க பேச்சுல ஒரு ஆளுக்கு 'நீ' மட்டும்தான். பெத்தவனா இருந்தாலும் நீதான். 'நீங்க'ன்னா மொத்தக் குடும்பம். வீட்ல எல்லாரும் எப்படின்னு கேக்கறீங்கன்னு நினைச்சு ஒன்பதுன்னுட்டாரு. நேத்துதான் சொன்னாரு. அந்த ஒண்ணை ஏன் குறைச்சாரு தெரியுமா? என் தங்கச்சிக்குப் பல்வலி."

ஆய்வாளர் தாள்களைப் புரட்டினார். நாற்பது வீடு. எட்டு, ஒன்பது, பத்து. பண்பாடு வலுவாக இருக்கிற இடத்தில் உடம்பும் வலுவாக இருக்கிறது என்று முடிவு மேலே போய்விட்டதாம். டாக்டர் வண்டியையும் வேறு பக்கம் திருப்பிவிட்டார்களாம். சொல்லும்போதே அவர் குரல் இறங்கிவிட்டது. நாற்பது வீட்டிலும் திரும்பக் கேளுங்கள் என்றாள் மகள். மேலிடத்தில் அனுமதி வாங்கணுமே என்று இழுத்தார் ஆய்வாளர்.

"எங்க பேச்சுக்குப் பத்துக்கு எத்தனைன்னு மார்க் போட்டீங்களே, அதுல ஒரு வார்த்தையாவது கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டீங்களா? அனுமதி வரும்போது வரட்டும். எங்கம்மா இங்கதான் இருக்கா. அவகிட்ட இப்பவே கேளுங்க."

கட்டிலின் தலைமாட்டில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள் அம்மா. அவளுடைய தாளில் பத்து என்று இருந்தது. புருஷனைப் பறிகொடுத்து ஒரு மணி நேரம்கூட ஆகாத வயசான மனுஷியை எப்படி 'நீ' என்பது? ஆய்வாளருக்கு நாக்கு எழவில்லை. மகள் விடுகிறதாக இல்லை. கடைசியில் தாள்கட்டைக் கீழே வைத்துவிட்டு, அம்மாவின் எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"நீ... எப்படி இருக்க?"

அம்மா அப்போதுதான் அவரை ஏறெடுத்துப் பார்த்தாள். பிறகு இடுப்பில் செருகியிருந்த கைக்குட்டையை எடுத்து, மடிப்பு மடிப்பாகப் பிரித்து, மடியில் விரித்து வைத்தாள். அவள் துப்பிய ரத்தம் இன்னும் காயவில்லை.