செங்கல் நிறத்தில் ஒரு கள்ளிப்பூ

மன்னார்குடிக்குத் தெற்கே ஒரு கிராமத்தில், தன் வீட்டு மாடியில் மங்களாம்பிகை கள்ளிச்செடிகள் வளர்த்தாள். கணவர் நாகநாதனுக்கு ஊரில் பாதி வயல் சொந்தம். முள்ளை எதற்குத் தொட்டியில் வைத்துக் கொஞ்சுகிறாள் என்று அவருக்குப் புரிந்ததே இல்லை. புரிந்தவள் ஒருத்திதான்: தஞ்சாவூர் விடுதியில் அவளோடு தங்கிப் படித்த மெஹராஜ் பேகம், இப்போது அதிராம்பட்டினத்தில் இருப்பவள். மெஹராஜின் கொல்லையில் பூத்த சிவப்புக் கள்ளிக்கு, மங்களாம்பிகை கொண்டுபோன வெள்ளைப் பூவின் மகரந்தத்தை இருவரும் தூரிகையால் தடவினார்கள். காய்த்த விதையைப் பங்கிட்டுக்கொண்டார்கள்.

மெஹராஜின் கன்றுகள் மழையில் அழுகிப்போயின. மங்களாம்பிகையிடம் ஒன்று தப்பியது. நில உச்சவரம்புப் பேச்சும் கூலித் தகராறும் தஞ்சைச் சீமை முழுக்கக் கொதித்த ஓர் ஆனி மாதக் காலையில் அது முதல்முறை பூத்தது. இளஞ்சிவப்பை எதிர்பார்த்திருந்தாள். வந்ததோ சுட்ட செங்கல் நிறம். இதழோரத்தில் மெல்லிய ஊதா. சிவப்பும் வெள்ளையும் சேர்ந்து இது எப்படி வரும்? பூ ஒரு பகல்தான் தாங்கும். மெஹராஜிடம் காட்ட, தொட்டியைக் கூடையில் வைத்துக்கொண்டு பட்டுக்கோட்டை பஸ் ஏறினாள்.

ஊர் எல்லையிலேயே பஸ் நின்றது. நடவுக்கூலி கேட்டு வேலைநிறுத்தம் செய்யும் பெண்கள் சாலையில் உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில் காத்தாயி, நாகநாதன் வயலுக்கு நடவு ஆள் கூட்டிவருபவள். மற்றவர்கள் இறங்கித் திரும்பிவிட, மங்களாம்பிகை மட்டும் சாலையோரம் உட்கார்ந்தாள்.

காத்தாயி எழுந்து வந்தாள்.

“வீட்டுக்குப் போயிடுங்கம்மா. சாயங்காலம் வரைக்கும் வண்டி போவாது.”

“இருக்கேன். இந்தப் பூவை ஒருத்தங்களுக்குக் காட்டணும்.”

பூவின் மேல் வெயில் விழுந்துகொண்டிருந்தது. காத்தாயி கையிலிருந்த செங்கொடியை விரித்து நிழல் பிடித்தாள்.

“வேணாம் காத்தாயி. சேப்புத் துணிக்கு அடியில எல்லாமே சேப்பாத் தெரியுது. நிறம் பாக்க முடியல.”

காத்தாயி சிரித்துவிட்டாள். கொடியைச் சுருட்டிவிட்டு வெயிலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். அவள் நிழல் பூவை மூடியது.

“ஐயா கோவமா இருக்காங்களா?”

“வீட்டுல பேசறதே இல்ல.”

“கூப்பிட்டா வர்றோம்மா. கூப்பிடத்தான் ஆளில்ல. வாய்க்கால்ல தண்ணி ஓடுது, நாத்து நடாம முத்துது. பாத்தா எங்களுக்கும் வயிறு எரியுது.”

 பசித்தால் தானாக வருவார்கள் என்று வேலைநிறுத்தம் தொடங்கிய அன்று கணவர் சொன்னபோது மங்களாம்பிகையும் கேட்டுக்கொண்டு சும்மாதான் இருந்தாள்.

உச்சி சாய்ந்ததும் பூ மாறத் தொடங்கியது. ஊதா மறைந்தது. சிவப்பு வெளுக்க வெளுக்க, அதன் அடியிலிருந்து மஞ்சள் எழும்பியது. வீட்டில் இருந்திருந்தால் இவ்வளவு நேரம் ஒரு பூவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டாள்.

அதிகாரிகள் வந்து, சாலையை விடச் சொல்லிச் சமாதானம் பேசிய பிறகு பஸ் கிளம்பியது. விளக்கு வைக்கும் நேரத்தில் மெஹராஜின் வீட்டை அடைந்தபோது பூ கூம்பிவிட்டிருந்தது.

“என்ன நிறமா இருந்துச்சு?” என்றாள் மெஹராஜ்.

“காலையில செங்கல், ஓரத்துல ஊதா. மத்தியானம் அடியில மஞ்சள் வந்துச்சு.”

மெஹராஜ் பூவைப் பிளேடால் நெடுக்காகப் பிளந்தாள். உள்ளே மஞ்சள் இன்னும் பளிச்சென்று இருந்தது. கொல்லையைத் திரும்பிப் பார்த்தாள்.

“நாம தடவுன அன்னிக்கு அங்க ஒரு மஞ்சள் கள்ளியும் பூத்திருந்துச்சு மங்களம். நமக்கு முந்தியே தேனீ வந்துட்டுப் போயிருக்கு. சேப்புக்கும் மஞ்சளுக்கும் பொறந்தது இது. உன் வெள்ளை இதுல இல்ல.”

“அப்ப நாம பண்ணிவச்ச கல்யாணம்?”

“நடக்கவே இல்ல. ஆனா பிள்ளை நல்ல பிள்ளை.”

இருவரும் சிரித்தார்கள்.

மறுநாள் ஊர் திரும்பி, கணவருக்குச் சோறு போடும்போது மங்களாம்பிகை சொன்னாள்: “காத்தாயியைக் கூப்பிட்டுப் பேசுங்க. கூப்பிட்டா வர்றாங்களாம்.”

“உங்கிட்டச் சொன்னாளா?”

“நேத்துப் பகல் பூரா அவ பக்கத்துலதான் உக்காந்திருந்தேன்.”

நாகநாதன் கை கழுவிக்கொண்டு எழுந்து போனார். சில நாள் கழித்து, காத்தாயியைக் கூப்பிட்டுவர ஆள் அனுப்பினார். கேட்டது முழுவதையும் அவர் கொடுக்கவில்லை. காத்தாயியும் முழுவதையும் விட்டுக்கொடுக்கவில்லை. நாற்று முற்றித்தான் போயிருந்தது. ஆனாலும் அந்த வாரமே நடவு தொடங்கியது.